ஏழாவது மாதம் கழன்று வந்த ஃபைபர் போஸ்ட்: ஒரு நிகழ்வு ஆய்வு

மேல்வரிசையின் வலது நடுப்பல்லில் நாங்கள் ஒட்டிய ஒரு ஃபைபர் போஸ்ட் (வேருக்குள் இறக்கும் இழைக் குச்சி), ஏழாவது மாதம் கோர் (அதன்மேல் கட்டும் உள்கட்டு), கிரவுன் (பல்லுறை) எல்லாவற்றோடும் சேர்ந்து ஒரே துண்டாகக் கழன்று வந்துவிட்டது. பல் பிழைத்தது, இன்றும் வாயில் இருக்கிறது. ஆனால் அந்தத் துண்டைக் கையில் வைத்துப் பார்த்தபோது, எங்கள் கிளினிக்கில் ஓராண்டுக்கும் மேலாகச் செய்துவந்த ஒரு வழக்கம் அடியோடு தவறு என்று தெரிந்தது. நோயாளியின் சம்மதத்தோடு, அடையாளங்களை நீக்கி, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

பின்னணி

நோயாளி 31 வயதுப் பெண், பள்ளி ஆசிரியை. 14 வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் அந்தப் பல் பாதி உடைந்து, மறு வருடம் வேறோர் இடத்தில் ரூட் கனால் செய்திருக்கிறார்கள். சிறு வயதில் உயிர் போன பல்லில் வேர்க்குழாய் அந்த வயதின் அகலத்திலேயே நின்றுவிடும். உயிருள்ள பல்லில் வயதாக ஆக உள்ளே டென்டின் (பற்சிப்பிக்கு உள்ளே இருக்கும் கடினத் திசு) படிந்து குழாய் குறுகும், இதில் அது நடக்காது. இவருக்கும் குழாயின் வாய் அண்ணப்பக்கம் முதல் உதட்டுப்பக்கம் வரை சுமார் 2.5 மி.மீ. அகலம், முட்டை வடிவம். இந்த அகலம் பின்னால் முக்கியமாகப் போகிறது.

எங்களிடம் வந்தபோது பழைய ஃபில்லிங்கோடு பல்லின் மேல்பாகம் உடைந்து போயிருந்தது. ஈறுக்கு மேல் மிச்சம் இருந்தது அண்ணப்பக்கத்தில் 2 மி.மீ., உதட்டுப்பக்கத்தில் 1.5 மி.மீ., பக்கவாட்டில் ஒரு மி.மீ. அளவு. கிரவுன் சுற்றிப் பிடிக்க ஆரோக்கியமான பல் 1.5 முதல் 2 மி.மீ. உயரமாவது சுற்றிலும் வேண்டும். பீப்பாய்க்கு இரும்பு வளையம் போட்ட மாதிரி அந்தப் பிடிப்புதான் வேரைக் காக்கும். இவருக்கு அது அரைகுறையாகத்தான் இருந்தது, ஆனால் வேலைக்கு ஆகாது என்று சொல்லும்படியும் இல்லை.

கிரவுனைத் தாங்க உள்ளே ஒரு கோர் வேண்டும், அந்தக் கோர் நிற்க வேருக்குள் ஒரு போஸ்ட் வேண்டும். நாங்கள் ஃபைபர் போஸ்டைத் தேர்ந்தெடுத்தோம். 1990 வாக்கில் பிரான்சிலிருந்து வந்தவை கார்பன் இழைப் போஸ்டுகள். அவற்றின் கறுப்பு நிறம் செராமிக் கிரவுனுக்குக் கீழே தெரிந்ததால் கண்ணாடி இழை, குவார்ட்ஸ் இழைப் போஸ்டுகள் அந்த இடத்தைப் பிடித்தன. இவற்றின் பெரிய அனுகூலம் வளைந்துகொடுப்பது. டென்டினின் மீள்தன்மைக் கெழு (வளையாமல் எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்ற அளவு) சுமார் 18 ஜிகாபாஸ்கல், கண்ணாடி இழைப் போஸ்டுக்கு 20 முதல் 40 வரை, துருப்பிடிக்காத எஃகுக்கு 200 அருகில். எஃகுப் போஸ்டில் விசை வேரின் அடியில் போய்க் குவிந்து, தோற்கும்போது வேரைப் பிளந்துவிடும். ஃபைபர் போஸ்ட் தோற்றால் பெரும்பாலும் கழன்றுதான் வரும். வேர் மிஞ்சும், மறுபடி செய்யலாம்.

முதல் முறை செய்தது

எங்கள் பதிவேட்டில் உள்ளபடி:

பழைய ரூட் கனால் அரைகுறையாக இருந்ததால் அதை எடுத்துவிட்டு மறுபடி செய்தோம். யூஜினால் உள்ள துத்தநாக ஆக்சைடு சீலரும் (அடைக்கும் பசை) கட்டா பெர்ச்சாவும் (ரப்பர் போன்ற அடைப்புப் பொருள்) கொண்டு அடைத்தோம். மறுநாளே போஸ்ட். அடியில் 5 மி.மீ. கட்டா பெர்ச்சாவை விட்டுவிட்டு, பீசோ ரீமர் என்னும் சுழலும் கருவியால் மேலிருந்து 8 மி.மீ. ஆழத்துக்கு இடம் எடுத்தோம். 3 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவினோம். 37 சதவீத பாஸ்பாரிக் அமில ஜெல் 15 விநாடி, பிறகு சிரிஞ்சுத் தண்ணீர், ஈரம் உறிஞ்ச ஒரு பேப்பர் பாயிண்ட். ரெசினைப் பல்லோடு பிணைக்கும், ஒரே பாட்டிலில் வரும் பாண்டிங் திரவத்தைச் சாதாரண மைக்ரோபிரஷால் தடவி, அது இறுக 20 விநாடி லைட் காட்டினோம். ஒளியிலும் இறுகும், தானாகவும் இறுகும் என்ற இருவழி ரெசின் சிமெண்டை லென்டுலோ சுருளால் உள்ளே தடவினோம். 1.2 மி.மீ. போஸ்டுக்குச் சிலேன் (சிமெண்ட் போஸ்டில் பிடிக்க உதவும் பூச்சு) பூசி இறக்கி, மேலிருந்து 40 விநாடி லைட். அதே உட்காரலில் கோர் கட்டி, கிரவுனுக்காகப் பல்லைச் சீவி, அளவும் எடுத்துவிட்டோம்.

ரூட் கனாலுக்கு ரப்பர் டேம் (எச்சில் படாமல் பல்லைத் தனியாக்கும் ரப்பர் விரிப்பு) போட்டிருந்தோம். போஸ்ட் அன்று போடவில்லை.

இதில் எதுவும் அன்று எங்களுக்குத் தவறாகத் தெரியவில்லை. போஸ்ட் வைத்த பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் போஸ்டின் நுனிக்கும் கட்டா பெர்ச்சாவுக்கும் நடுவே 2 மி.மீ. கறுப்பு இடைவெளி இருந்தது. படம் ஃபைலில் இருக்கிறது. அந்த இடைவெளியைப் பற்றி ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை.

கழன்று வந்த நாள்

ஏழு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை மாலை, கைக்குட்டையில் சுற்றிய கிரவுனோடு வந்தார்.

"முறுக்கு கடிச்சிருந்தாலும் பரவாயில்லைங்க டாக்டர். இட்லி சாப்பிடறப்ப வந்துருச்சு. நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனுங்களா?"

"உங்க மேல தப்பு இல்லைங்க. நாங்க ஒட்டினது சரியா ஒட்டலை. எதனாலன்னு பார்த்துச் சொல்றோம்."

விசாரித்ததில், இரண்டு வாரமாகவே பல் லேசாக அசைவது போல இருந்ததாம், காலையில் வாயில் ஒரு கெட்ட சுவை வந்ததாம். வலி இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தம்பிக்குக் கல்யாணம். "இப்பவே ஒட்டிக் குடுத்துருங்க டாக்டர்" என்றார். கிரவுன் உடையாமல் முழுசாக இருக்கிறது, குழாய் திறந்தே இருக்கிறது. சிமெண்டைக் கலந்து திரும்ப உள்ளே அழுத்த 15 நிமிடம் போதும். பல கிளினிக்குகளில் அப்படித்தான் நடக்கும். நாங்களும் அதற்கு முன் இரண்டொரு முறை அப்படிச் செய்ததுண்டு.

அன்று செய்யவில்லை. முதல் காரணம், ஏன் கழன்றது என்று தெரியாமல் அதே குழாயில் அதே சிமெண்டைப் போட்டால் மறுபடியும் அதுவேதான் நடக்கும். இரண்டாவது, இரண்டு வாரம் கிரவுன் அசைந்திருந்தால் அந்த வழியில் எச்சில் உள்ளே போய்க்கொண்டே இருந்திருக்கும். கிருமி புகுந்த குழாயை மேலே மூடிவிட்டால், நுனியில் சீழ் பிடித்தபிறகுதான் தெரியவரும்.

அதனால் கல்யாணத்துக்கு ஒரு தற்காலிக ஏற்பாடு. கிரவுனிலிருந்து போஸ்டை வெட்டி எடுத்தோம். குழாய் வாயை யூஜினால் இல்லாத தற்காலிக அடைப்பாலும் அதன்மேல் கிளாஸ் ஐயோனமராலும் மூடினோம். கிரவுனைப் பக்கத்துப் பற்கள் இரண்டோடும் சிறு கம்போசிட் (பல் நிற ரெசின் அடைப்பு) புள்ளிகளால் பிணைத்தோம். பார்க்க நன்றாக இருக்கும், கடிக்கத்தான் முடியாது. ஃபோட்டோவுக்குச் சிரிக்கலாம், பந்தியில் அந்தப் பக்கம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம்.

துண்டில் பார்த்தது

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமான பகுதி இதுதான். கழன்ற போஸ்டை எல்லோரும் குப்பையில் போடுகிறோம். எந்தப் பரப்பு கைவிட்டது என்பது அதில் தெரியும், வேறு எங்கும் தெரியாது.

ஒட்டலில் இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று போஸ்டுக்கும் சிமெண்டுக்கும் நடுவே, மற்றது சிமெண்டுக்கும் டென்டினுக்கும் நடுவே. போஸ்ட் மொட்டையாக வந்து சிமெண்ட் வேருக்குள்ளேயே ஒட்டியிருந்தால் சிலேனையோ போஸ்டின் பரப்பையோ சந்தேகிக்க வேண்டும். இங்கே எதிர்மாறாக இருந்தது. வேருக்குள் இருந்த போஸ்டின் முழு நீளத்திலும் சிமெண்ட், திரியில் மெழுகு பிடித்த மாதிரி சுற்றிலும் இருந்தது. போஸ்ட் பக்கம் பழுதில்லை என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

லூப்ஸ் என்னும் உருப்பெருக்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தோம். மேல் 3 மி.மீ. சிமெண்ட் கடினம், எக்ஸ்ப்ளோரர் என்னும் கூர்கருவியின் முனையால் அழுத்திக் கீறினாலும் தடம் விழவில்லை. அதற்குக் கீழே அதே முனை லேசாக இழுத்ததுமே கோடு விழுந்தது. இன்னும் கீழே வெளிப்பரப்பு கண்ணாடி போல மினுமினுப்பு. சுவரோடு ஒட்டிப் பிய்ந்திருந்தால் அங்கே சொரசொரப்பு இருக்க வேண்டும். நுனிப்பக்கம் இரண்டு காற்றுக் குழிகள். ஒரு பக்கத்தில் இளஞ்சிவப்பு கலந்த பழுப்பில் மெல்லிய படலம், அது கட்டா பெர்ச்சாவும் சீலரும் சேர்ந்து அப்பியது.

சிமெண்டின் கனமும் சரியில்லை. 1.2 மி.மீ. போஸ்ட், 2.5 மி.மீ. குழாய். சில இடங்களில் சிமெண்ட் அரை மி.மீட்டருக்கும் மேல் இருந்தது. சிமெண்ட் இடைவெளியை நிரப்பும் சாந்தாக வேலை செய்திருக்கிறது.

வேரைத் தனியாகச் சோதித்தோம். ஈறைச் சுற்றி ஆறு இடங்களிலும் ப்ரோப் (ஈறு இடுக்கின் ஆழம் அளக்கும் கருவி) 2 முதல் 3 மி.மீ.தான் இறங்கியது. ஓர் இடத்தில் மட்டும் குறுகலாக ஆழமாய் இறங்கினால் வேர் பிளந்திருக்கிறது என்று பொருள், அப்படி இல்லை. மெத்திலீன் நீலம் தடவிக் கழுவியதில் விரிசல் கோடும் தெரியவில்லை. எக்ஸ்ரேயில் வேர்நுனியில் கருமை இல்லை.

கடியையும் பார்த்தோம். மேல்பற்கள் கீழ்ப்பற்களை ஆழமாக மூடும் கடி இவருடையது. தாடையை முன்னால் தள்ளச் சொல்லி நீலத்தாள் வைத்தபோது, கழன்ற பல்லின் பங்குக்கு விழுந்த தடம் பக்கத்துப் பல்லைவிட அழுத்தமாக இருந்தது. கிரவுனின் அண்ணப்பக்கம் அந்தத் தாடை அசைவுக்கு ஏற்பச் சரியாகக் குறைக்கப்படவில்லை. அதுவும் எங்கள் கணக்கில்தான் சேரும்.

மேசைமேல் ஒரு சோதனை

கீழ்ப்பாதி சிமெண்ட் ஏன் மென்மையாக இருந்தது? வெளிச்சம் 8 மி.மீ. ஆழத்துக்குப் போதுமான அளவு போகாது, அது தெரிந்ததே. அதற்காகத்தானே இருவழிச் சிமெண்ட்? இருட்டிலும் தானாக இறுக வேண்டும். இறுகவில்லை.

அன்று இரவு கிளினிக்கை மூடும் முன், அதே பாட்டில் பாண்டிங்கையும் அதே சிரிஞ்சு சிமெண்டையும் எடுத்துக்கொண்டு ஒரு கண்ணாடிப் பலகையில் மூன்று பொட்டு வைத்தோம். ஒன்று சிமெண்ட் மட்டும், லைட் காட்டி. இரண்டாவது சிமெண்ட் மட்டும், லைட் காட்டாமல். மூன்றாவதில் முதலில் பாண்டிங்கைப் பூசி 20 விநாடி லைட் காட்டிவிட்டு அதன்மேல் சிமெண்ட், பிறகு லைட் இல்லை. கடைசி இரண்டையும் மேசை அறைக்குள் தள்ளி மூடினோம்.

பத்து நிமிடம் கழித்து: முதல் பொட்டு கல். இரண்டாவது கெட்டியாகத்தான் இருந்தது, முனையால் அழுத்தினால் லேசாகப் பள்ளம் விழுந்தது. மூன்றாவது மேலே பார்க்க இறுகின மாதிரி. ஸ்பேட்டுலாவால் நெம்பியதும் பிடிப்பே இல்லாமல் பெயர்ந்து வந்தது. புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கம் பிசுபிசுவென்று ஈரம். விரலில் ஒட்டியது.

காரணம் வேதியியலில் இருக்கிறது, புதிதும் இல்லை. எளிமைப்படுத்தப்பட்ட ஒரே பாட்டில் பாண்டிங்குகளில் அமிலத்தன்மை உள்ள மூலக்கூறுகள் நிறைய. லைட் காட்டினாலும் காற்று படும் மேல் அடுக்கு முழுசாக இறுகாது, அமில மூலக்கூறுகள் அங்கே அப்படியே நிற்கும். அதன்மேல் வரும் சிமெண்ட் இருட்டில் இறுக பென்சாயில் பெராக்சைடும் அமீனும் சேர வேண்டும். அமிலம் அமீனைப் பிடித்துக்கொள்கிறது. தொட்டுக்கொண்டிருக்கும் அந்த மெல்லிய அடுக்கில் மட்டும் இறுகல் நின்றுபோகிறது. மேலே வெளிச்சம் பட்ட பகுதி தப்பித்துவிடும், கீழே எதுவும் தப்பிக்காது. போதாக்குறைக்கு இந்தப் பாண்டிங் படலம் நீரை ஊடுருவ விடும், டென்டினிலிருந்து ஈரம் மேலே கசிந்து அதே எல்லையில் சேரும்.

இதற்கென்று தனியாக ஒரு ஆக்டிவேட்டர் பாட்டில் உண்டு, இருவழிச் சிமெண்டோடு பயன்படுத்தும்போது கலந்தே ஆக வேண்டும் என்று பாண்டிங் டப்பாவுக்குள் மடித்துவைத்த தாளில் அச்சிட்டிருந்தது. அந்தத் தாளை அன்றுதான் விரித்தோம்.

இரண்டாவது பொட்டில் விழுந்த பள்ளமும் என்னை உறுத்தியது. பெராக்சைடு வெயிலுக்குத் தாங்காது. சிமெண்டை 25 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று அட்டையிலேயே இருக்கும். எங்கள் ஊரில் சித்திரை, வைகாசியில் 40 டிகிரி சாதாரணம். ஞாயிற்றுக்கிழமை ஏசி ஓடாது. கூரியர் வண்டியில் எத்தனை நாள் வெயிலில் கிடந்து வருகிறது என்பது யாருக்கும் தெரியாது.

என்னென்ன சேர்ந்து கழற்றியது

ஒரே நிகழ்வை வைத்து எது எத்தனை பங்கு என்று பிரிக்க முடியாது. என் கணிப்பில் பாண்டிங்கும் சிமெண்டும் ஒத்துப்போகாததே முதல் காரணம். அதற்கு அடுத்தது குழாய்ச் சுவர்.

சீலர் வைத்து ஒரு நாளே ஆகியிருந்தது, இன்னும் இறுகியிருக்காது. பீசோ ரீமர் சுழலும் சூட்டில் கட்டா பெர்ச்சா உருகி, சீலரோடு சேர்ந்து சுவரில் பூச்சு பூசின மாதிரி அப்பிக்கொள்ளும். பாஸ்பாரிக் அமிலம் டென்டினைத்தான் அரிக்கும், கட்டா பெர்ச்சாவை ஒன்றும் செய்யாது. அதோடு யூஜினால் ரெசின் இறுகலைத் தடுப்பது. சுவரை நன்றாகச் சுரண்டிச் சுத்தம் செய்து அமிலமும் வைத்தால் யூஜினாலின் பாதிப்பு பெரிதாக இல்லை என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. நாங்கள்தான் அப்படிச் சுரண்டவில்லையே.

கடைசியாகக் கழுவியது ஹைப்போகுளோரைட்டால். அது கிருமிக்கு எமன், ஒட்டலுக்கும்தான். டென்டினில் ஆக்சிஜனை விட்டுச் செல்லும், ரெசின் இறுக ஆக்சிஜன் ஆகாது. சாதாரண மைக்ரோபிரஷின் தலை குழாயின் அடிவரை போகாது, சிரிஞ்சுத் தண்ணீரும் போகாது. அடியில் அமில ஜெல்லின் மிச்சமும் பாண்டிங் திரவத்தின் குட்டையும் நின்றிருக்க வாய்ப்பு அதிகம்.

இவற்றுக்கு மேலே குழாயின் வடிவமே ஒட்டலுக்கு எதிரி. ரெசின் இறுகும்போது சுருங்கும். ஒட்டிய பரப்பு அதிகமாகவும் சுதந்திரமான பரப்பு குறைவாகவும் இருந்தால் அந்தச் சுருக்கம் எங்கும் தளர முடியாமல் சுவரைப் பிடித்து இழுக்கும். பெட்டி வடிவக் குழியில் இந்த விகிதம் 5. வேர்க்குழாயில் 200-ஐத் தாண்டலாம். பற்சிப்பியில் பாதி அலட்சியமாகச் செய்தாலும் கம்போசிட் நின்றுவிடும், வேருக்குள் அந்தச் சலுகை கிடையாது.

எடுத்த முடிவுகள்

கல்யாணம் முடிந்து அடுத்த வாரம் வந்தார். கழன்ற துண்டையும் எக்ஸ்ரேயையும் காட்டி, நடந்ததைச் சொன்னோம். இரண்டாம் முறைக்குப் பணம் வேண்டாம் என்றும் சொன்னோம்.

வழிகள் மூன்று இருந்தன. பல்லை எடுத்துவிட்டு இம்ப்ளாண்ட் வைப்பது முதலாவது. வேர் பிளக்கவில்லை, எலும்பு நன்றாக இருக்கிறது. 31 வயதில் அந்த வேரை எடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை, அவருக்கும்தான். இரண்டாவது உலோகத்தில் வார்த்த போஸ்ட். அகலமான முட்டை வடிவக் குழாய்க்கு அது அச்சாகப் பொருந்தும், மூத்த மருத்துவர்கள் பலர் இன்றும் அதைத்தான் செய்வார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் இவருடைய வேர்ச் சுவர் மெல்லியது. பிடிப்பு வளையமும் பக்கவாட்டில் குறைவு. மறுபடி தோற்றால் இந்த முறை வேரைப் பிளந்துகொண்டு போகும் என்று பயந்தோம். மூன்றாவது, ஃபைபர் போஸ்டையே ஒழுங்காகச் செய்வது. முதல் தோல்விக்குக் காரணம் பொருளிடம் இல்லை, செய்த முறையிடம்தான் என்று துண்டே சொல்லிவிட்டதால் இதைத் தேர்ந்தெடுத்தோம். மறுபடி கழன்றால் அடுத்து என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதையும் அவரிடம் சொல்லியே தொடங்கினோம்.

வேரை மறுபடி திறந்தது

ரப்பர் டேம் போட்டு, தற்காலிக அடைப்பை எடுத்து, மெல்லிய அல்ட்ராசோனிக் முனையைத் தண்ணீரோடு சுவரில் ஓடவிட்டோம். அண்ணப்பக்கச் சுவரில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. முனை பட்டதும் அது செதிலாகப் பெயர்ந்தது, கூடவே கிராம்பு வாசனை. யூஜினால் என்பது கிராம்புத் தைலத்தின் சத்துதான். ஏழு மாதம் கழித்தும் அந்த வாசனை, ஒட்டியிருக்க வேண்டிய சுவரிலிருந்தே வந்தது. பக்கத்தில் நின்ற இளைய மருத்துவருக்கும் வாசனை தெரிந்தது.

எச்சில் புகுந்திருக்கும் என்பதால் அடியிலிருந்த கட்டா பெர்ச்சாவையும் எடுத்துவிட்டு, ஹைப்போகுளோரைட், 17 சதவீத ஈடிடிஏ (சுவரில் படிந்த தாது அழுக்கைக் கரைக்கும் திரவம்) என்று முறைப்படி கழுவி, எபாக்சி ரெசின் சீலரோடு மறுபடி அடைத்தோம். பிறகு ஒரு வாரம் விட்டோம். சீலர் இறுகட்டும், ஹைப்போகுளோரைட்டின் பாதிப்பும் தணியட்டும் என்றுதான்.

இரண்டாம் முறை ஒட்டியது

இந்த முறை கட்டா பெர்ச்சாவை முதலில் சூடாக்கிய ப்ளக்கர் என்னும் கம்பிக் கருவியால் எடுத்து, மிச்சத்துக்கு மட்டும் பீசோவைக் குறைந்த வேகத்தில் ஓட்டினோம். அடியில் 5 மி.மீ. அப்படியே நிற்கிறதா, சுவரில் எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று ஒட்டும் முன்னரே ஒரு எக்ஸ்ரே. உதட்டுப்பக்கம் ஒரு கீற்று தெரிந்தது. அல்ட்ராசோனிக்கால் அதை எடுத்து மறுபடி படம் எடுத்தோம்.

குழாய் அகலத்துக்குத் தீர்வாகப் போஸ்டையே குழாயின் அச்சில் வார்த்தோம். சுவரில் தண்ணீரில் கரையும் ஜெல் தடவி, சிலேனும் பாண்டிங்கும் பூசிய போஸ்டைச் சுற்றிக் கம்போசிட் வைத்து உள்ளே இறக்கி, சில விநாடி மட்டும் லைட் காட்டி வெளியே உருவினோம். வெளியே வைத்து எல்லாப் பக்கமும் முழுசாக இறுக வைத்தோம். திரும்ப இறக்கியபோது இம்மியும் ஆடாமல் உட்கார்ந்தது. இனி சிமெண்டுக்கு மிஞ்சியது மெல்லிய இடைவெளிதான். நீளத்தைக் குறைக்கப் போஸ்டை வைர வட்டால் தண்ணீர் விட்டு அறுத்தோம். கட்டரால் நறுக்கினால் இழைகள் நசுங்கி உள்ளுக்குள்ளேயே பிரியும்.

ஜெல் போக வேண்டும் என்பதால் சுத்தம் இதற்குப் பிறகு. தண்ணீரோடு அல்ட்ராசோனிக், ஒரு நிமிடம் ஈடிடிஏ, கடைசியாகக் காய்ச்சி வடித்த நீர். ஹைப்போகுளோரைட் அன்று தொடவே இல்லை. பேப்பர் பாயிண்ட் மூன்று போயின, மூன்றாவதன் நுனி ஏறக்குறைய உலர்ந்து வந்தது. அதோடு நிறுத்தினோம், காற்று ஊதவில்லை. நாங்கள் தேர்ந்தெடுத்தது தானே ஒட்டும் வகைச் சிமெண்ட், அதற்குத் துளி ஈரம் வேண்டும், எலும்பாகக் காய்ந்த டென்டின் ஆகாது.

ஏன் அந்த வகை? அதில் தனிப் பாண்டிங் கிடையாது, ஆகவே ஒத்துப்போகாத இரண்டு பொருள்கள் சந்திக்கும் எல்லையே கிடையாது. அதிலுள்ள பாஸ்பேட் மூலக்கூறுகள் பல்லின் கால்சியத்தோடு நேராகப் பிணைகின்றன. கலந்ததும் அமிலமாக இருந்து, இறுக இறுக அது தணியும். குறையும் உண்டு. அந்த அமிலம் வலுவற்றது, சுவரில் தடித்த அழுக்குப் படலம் இருந்தால் துளைத்துக்கொண்டு போகாது. எனவே இந்தச் சிமெண்டைப் பயன்படுத்துபவர் சுத்தத்தில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க முடியாது.

சிமெண்ட் புதுச் சிரிஞ்சு. முந்தைய நாள் அதிலிருந்து ஒரு பொட்டு வைத்து மேசை அறை இருட்டில் பார்த்திருந்தோம். நீண்ட மெல்லிய முனையை அடிவரை இறக்கி, சிமெண்ட் ஏற ஏற முனையை மேலே இழுத்தோம். லென்டுலோ இல்லை. அது காற்றைச் சேர்க்கும், சில ரெசின் சிமெண்டுகளைப் பாதி வழியிலேயே இறுக்கியும் விடும். போஸ்டை ஆல்கஹாலால் துடைத்து, சிலேன் ஒரு நிமிடம், இறக்கி விரலால் அழுத்தி ஐந்து நிமிடம் பிடித்துக்கொண்டோம். உடனே லைட் காட்டாமல் தானாக இறுகத் தொடங்க விட்டால் சுருக்கத்தின் இழுப்பு கொஞ்சம் தளரும். அதற்குப் பிறகு இரு பக்கமும் 40 விநாடி.

எக்ஸ்ரேயில் போஸ்ட் நுனிக்குக் கீழே கறுப்பு இடைவெளி இல்லை. கோர் கட்டி அனுப்பினோம். சீவும் வேலையை ஒரு வாரம் தள்ளிவைத்தோம். இருவழிச் சிமெண்ட் முதல் 24 மணி நேரமும் இறுகிக்கொண்டே இருக்கும், அதற்குள் பல்லைச் சீவும் டர்பைன் கருவியின் அதிர்வைக் கொடுக்கத் தேவையில்லை. முதல் முறை 50 நிமிடத்தில் முடிந்த வேலைக்கு இந்த முறை இரண்டு மணி நேரம் ஆனது. புதுக் கிரவுனில் முன்தள்ளும் போது தடம் இரண்டு நடுப்பற்களிலும் ஒரே அளவில் விழும்வரை கடியைத் திருத்தினோம்.

பிறகு

ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்று நான்கு முறை பார்த்தாயிற்று. அசைவு இல்லை, ப்ரோப் 3 மி.மீட்டருக்கு மேல் இறங்கவில்லை, கிரவுன் ஓரத்தில் கறை இல்லை, வேர்நுனி சுத்தம். ஒன்றரை வருடம் ஒரு போஸ்டுக்குச் சிறிய காலம்தான். டென்டினில் உள்ள நொதிகள் ஒட்டுப் படலத்தை ஆண்டுக்கணக்கில் மெல்ல அரிக்கும் என்பதையும் மனதில் வைத்து, வருடத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறோம். கொய்யாப்பழத்தை நறுக்கித்தான் சாப்பிடுகிறாராம், நாங்கள் சொல்லாமலே.

மாற்றியவை, இன்னும் மிச்சம் இருப்பவை

போஸ்ட் வரப்போகும் பற்களுக்கு யூஜினால் சீலரைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டோம். போஸ்டுக்கும் ரப்பர் டேம் போடுகிறோம். ஒட்டும் முன் எக்ஸ்ரே, ஒட்டிய பின் எக்ஸ்ரே, இரண்டிலும் பார்த்ததை எழுதிய பிறகுதான் ஃபைல் மூடப்படும். சிமெண்ட் குளிர்பதனப் பெட்டியில் இருக்கிறது, பயன்படுத்த ஒரு மணி நேரம் முன் வெளியே வரும். ஒவ்வொரு புதுச் சிரிஞ்சுக்கும் இருட்டுச் சோதனை உண்டு. இதுவரை ஒன்று தேறவில்லை. திருப்பி அனுப்பினோம்.

மாற்றிச் செய்ய முடிந்தால் நான் முதலில் மாற்றுவது பிடிப்பு வளையத்தைத்தான். பக்கவாட்டில் ஒரு மி.மீ. மட்டுமே இருந்தபோது, பல்லை மெல்ல நகர்த்தும் ஆர்த்தோ முறையில் வேரைக் கொஞ்சம் வெளியே இழுத்துக் கூடுதல் உயரம் எடுக்கலாம் என்று இரண்டாம் முறையாவது அவரிடம் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். சில மாதம் பிடிக்கும் என்றதும் அவர் தயங்கினார், நாங்களும் விட்டுவிட்டோம்.

அதே பாண்டிங், அதே சிமெண்ட் ஜோடியில் அதற்கு முந்தைய 14 மாதத்தில் வேறு 11 போஸ்டுகள் ஒட்டியிருந்தோம். பட்டியல் எடுத்து எல்லோரையும் ஃபோனில் கூப்பிட்டோம். எட்டுப் பேர் வந்தார்கள். இருவருக்கு எக்ஸ்ரேயில் அதே கறுப்பு இடைவெளி, அவர்களில் ஒருவருக்குக் கிரவுன் லேசாக அசைந்தது. அதை எடுத்துவிட்டு மறுபடி செய்து கொடுத்தோம். மற்றவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம். மீதி மூவரில் இருவர், நன்றாகத்தானே இருக்கிறது, பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது பார்க்கிறோம் என்றார்கள். ஒருவரின் எண் இப்போது உபயோகத்தில் இல்லை. அவருக்கும் முன்பல். அவரை எங்களிடம் அனுப்பிவைத்த மருந்துக்கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.